ஸ்க்வீக்கர்: அமுக்கினால் கத்தும் பொம்மைக்குப் பெயர் வந்த கதை

நாய்களுக்கான பொம்மை விற்கும் கடைகளில் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ‘ஸ்க்வீக்கர்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். குழந்தைகளுக்கான ரப்பர் வாத்து, ரப்பர் யானை விற்கும் இணையக் கடைகளிலும் இதே சொல்தான். அமுக்கினால் ‘கீச்’ என்று கத்தும் பொம்மை என்பது பொருள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் இந்தச் சொல் பொம்மைக்கு வந்து சேர்வதற்கு முன் பல ஊர் சுற்றி வந்த சொல். அதன் கதை தெரிந்தால், அதைச் சுற்றியுள்ள வேறு பல ஆங்கிலச் சொற்களும் சுலபமாகப் பிடிபடும்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஸ்க்வீக்’ என்பது வினை: கீச்சிடுவது. அதோடு ‘அர்’ சேர்ந்து ‘ஸ்க்வீக்கர்’ ஆகிறது. இந்த ‘அர்’ நமக்குப் பழக்கமானதுதான். சமையலறையில் குக்கர், குளியலறையில் ஹீட்டர், பள்ளியில் டீச்சர், வண்டியில் டிரைவர். ஆங்கிலத்தில் ஒரு வினையோடு இந்த விகுதி சேர்ந்தால், அந்த வேலையைச் செய்யும் ஆளையும் குறிக்கலாம், பொருளையும் குறிக்கலாம். ஆகவே ஸ்க்வீக்கர் என்றால் ‘கீச்சிடுவது’, ‘கீச்சிடுபவர்’ இரண்டும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் பழைய பயன்களைப் பார்க்கும்போது உதவும்.

பொம்மையைக் குறிக்க ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்வார்கள்: ஸ்க்வீக்கி டாய், ஸ்க்வீக் டாய், ஸ்க்வீக்கர். முதலாவது அன்றாடப் பேச்சில் அதிகம். இரண்டாவதைப் பழைய பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவதில் ஒரு நுணுக்கம் உண்டு. முழுப் பொம்மையையும் ஸ்க்வீக்கர் என்று சொல்வதுண்டு. ஆனால் பொம்மை செய்பவர்களும் விற்பவர்களும் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் பொம்மைக்கு உள்ளே இருந்து சத்தம் போடும் சின்னப் பாகத்துக்கே வைத்திருக்கிறார்கள். ‘இந்தப் பொம்மையில் இரண்டு ஸ்க்வீக்கர் இருக்கிறது’ என்று அட்டையில் போட்டிருந்தால், துணிக்குள் அப்படி இரண்டு பாகங்கள் வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தப் பாகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். நாய் கடித்துக் கிழித்த துணிப் பொம்மை ஒன்றைப் பிரித்தால் பஞ்சுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த சின்னக் குமிழ் ஒன்று கிடைக்கும். அதன் ஒரு ஓரத்தில் குட்டையான குழாய். குழாய்க்குள் வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய தகடு ஒன்று, ஒரு முனை ஒட்டியும் மறுமுனை அசையும்படியும் இருக்கும். குமிழை அமுக்கும்போது உள்ளே இருக்கும் காற்று அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே ஓட வேண்டும். ஓடும் காற்று தகட்டைத் தள்ளுகிறது. தகடு தன் விறைப்பால் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. மறுபடி காற்று தள்ளுகிறது. ஒரு நொடிக்குள் இது பல நூறு தடவை, சிலவற்றில் ஆயிரம் தடவைக்கு மேலும் நடக்கிறது. அந்த அதிர்வுதான் நமக்குக் கீச்சென்று கேட்கிறது. பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு நுனியைப் பல்லால் நசுக்கித் தட்டையாக்கி ஊதும் பீப்பியும் இதே வழியில்தான் சத்தம் போடுகிறது. ஊதும் வாய்க்குப் பதிலாக இங்கே அமுங்கும் குமிழ், அவ்வளவுதான்.

கையை எடுத்ததும் குமிழ் மறுபடி உப்பும். அப்போது வெளிக்காற்று அதே குழாய் வழியாக உள்ளே நுழையும். பல பொம்மைகள் அமுக்கும்போது ஒரு சத்தமும், விடும்போது இன்னொரு சத்தமும் போடுவது இதனால்தான். தகடு சின்னதாக இருப்பதால் வேகமாக அதிர்கிறது. வேகமாக அதிர்ந்தால் சுருதி ஏறும். எலியும் குருவிக் குஞ்சும் கீச்சிட, எருமை ஆழ்ந்த குரலில் கத்துவதற்கும் இதுதான் அடிப்படை. சின்ன உடம்பு, சின்னக் குரல் உறுப்பு, உயர்ந்த சுருதி.

சில ரப்பர் பொம்மைகளில் இந்தத் தகட்டுக்குப் பதிலாக அடியில் சின்ன விசில் போன்ற வட்டத் துண்டு பொருத்தியிருக்கும். எதுவாக இருந்தாலும் ஒரு துளை கட்டாயம் வேண்டும். துளை இல்லாவிட்டால் காற்று ஓட வழியில்லை, சத்தமும் இல்லை. 1992 ஜனவரியில் பசிபிக் பெருங்கடலில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து கொள்கலன்கள் விழுந்து, 28,000-க்கும் மேற்பட்ட குளியல் பொம்மைகள் கடலில் கலந்தன. மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு பீவர் (மரத்தைக் கொறிக்கும் நீர்விலங்கு). அவை ஆண்டுக்கணக்கில் மிதந்து, கடல் நீரோட்டங்களைப் படிப்பவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்தன. அவற்றில் துளையே இல்லை; அதனால் தண்ணீர் உள்ளே புகவில்லை. கத்துகிற வாத்துகளாக இருந்திருந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டே போயிருக்கும்.

சரி, இனி சொல்லின் பிறப்புக்கு வருவோம். ‘ஸ்க்வீக்’ என்ற வினை 14-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. அன்றைய வடிவம் ‘ஸ்க்வேக்கன்’ என்பதை ஒட்டியது. இதற்கு லத்தீனிலோ கிரேக்கத்திலோ வேர் தேடிப் பயனில்லை. சத்தத்தைக் கேட்டு வாய் அப்படியே திருப்பிச் சொன்னதில் பிறந்த சொல் இது என்பதே அகராதிக்காரர்களின் கருத்து. பழைய ஸ்வீடிஷ் மொழியிலும் கத்துவதற்கு இதைப் போலவே ஒலிக்கும் ஒரு வினை இருந்தது. ஜெர்மன்காரர்கள் குளியல் தொட்டியில் மிதக்கவிடும் ரப்பர் வாத்தை ‘க்வீட்ஷ்-எண்டெ’ என்கிறார்கள்: கீச்சு வாத்து. ஆங்கிலம் அந்த வாத்தை ரப்பர் என்ற பொருளால் அழைக்கிறது, ஜெர்மன் அதன் சத்தத்தால் அழைக்கிறது.

தமிழில் இந்த வகைச் சொல்லை ஒலிக்குறிப்புச் சொல் என்பார்கள். நம் மொழியில் இதற்குப் பஞ்சமே இல்லை. மழை சடசடவென்று பெய்யும், கதவு கிரீச்சிடும், சலங்கை கலகலக்கும். பொம்மைக்கே சத்தத்தால் பெயர் வைத்ததும் உண்டு. கிலுகிலுப்பை என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். ஆட்டினால் கிலுகிலு, அதனால் கிலுகிலுப்பை. ஸ்க்வீக்கரும் அதே மாதிரி பிறந்த பெயர்தான்.

இங்கே ஒரு கேள்வி வரும். எல்லோரும் சத்தத்தைக் கேட்டுத்தான் சொல்லை உண்டாக்கினார்கள் என்றால், தமிழில் ‘கீச்’ என்றும் ஆங்கிலத்தில் ‘ஸ்க்வீக்’ என்றும் வேறு வேறாக ஏன் இருக்கின்றன? ஒவ்வொரு மொழியும் தன்னிடம் இருக்கும் எழுத்தொலிகளைக் கொண்டுதான் சத்தத்தைப் பிடிக்க முடியும். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் மூன்று மெய்கள் அடுத்தடுத்து வரலாம். ஸ், க், வ். தமிழில் சொல்லின் முதலில் அப்படி வராது. சேவல் நமக்குக் ‘கொக்கரக்கோ’, ஆங்கிலேயருக்குக் ‘காக்-எ-டூடில்-டூ’. கூவுகிற சேவல் ஒன்றுதான்.

ஆனால் ‘கீச்’, ‘ஸ்க்வீக்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நடுவில் நிற்பது ‘ஈ’. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘ஈ’ என்று சொல்லும்போது நாக்கின் முன்பகுதி மேலண்ணத்தை நெருங்கி எழும்புகிறது. வாய்க்குள் முன்பக்கம் இடம் மிகவும் குறுகிவிடுகிறது. அதனால் குரலில் உயர்ந்த அதிர்வுகள் தூக்கலாகக் கேட்கின்றன. ‘ஆ’ என்று சொல்லும்போது தாடை இறங்கி வாய் அகலமாகத் திறக்கிறது. தமிழ் ஒலிக்குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் இது தெரியும். சின்ன, மெல்லிய, உயர்ந்த சத்தங்களுக்குக் கீச், கிரீச், குழந்தை அலறுவதற்கு வீல். பெரிய பொருள் விழுந்தால் தடால், டமால், படார். யாரும் உட்கார்ந்து திட்டம்போட்டுச் செய்ததில்லை. வாய் தானாகப் போன வழி.

இதை ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் சப்பீர் 1929-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ‘மில்’, ‘மால்’ என்று அர்த்தமே இல்லாத இரண்டு சொற்களைச் சொல்லி, இரண்டும் மேசையைக் குறிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், எது பெரிய மேசை, எது சின்ன மேசை என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் ‘மால்’தான் பெரிய மேசை என்றார்கள். இதை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆங்கிலத்திலேயே பெரியதைச் சொல்லும் ‘பிக்’கில் இகரமும், சிறியதைச் சொல்லும் ‘ஸ்மால்’ இல் அகன்ற உயிரும் இருக்கின்றன. ஆனால் சத்தத்தைப் பின்பற்றிப் பிறந்த சொற்களில் இந்தப் போக்கு நன்றாகவே தெரிகிறது.

கடைசி எழுத்தையும் கவனியுங்கள். ‘ஸ்க்வீக்’ ஒரு ‘க்’கில் வெட்டென்று முடிகிறது. அதன் பொருளும் அப்படித்தான், குறுகிய, சட்டென்று அறுந்துபோகும் கீச்சு. இதற்குப் பக்கத்திலேயே ‘ஸ்க்வீல்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. அது ‘ல்’லில் முடிகிறது, இழுத்துக்கொண்டே போகலாம். பொருளும் அதற்கேற்ப நீண்ட வீறிடல். பன்றி ஸ்க்வீல் செய்யும், எலி ஸ்க்வீக் செய்யும். காரின் பிரேக்கைப் பலமாக அழுத்தினால் சக்கரம் ஸ்க்வீல் செய்யும், புது ஷூ பளபளப்பான தரையில் ஸ்க்வீக் செய்யும். ‘ஸ்க்வாக்’ என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. கிளியும் கோழியும் பயந்து கரகரவென்று கத்துவது. உயிரெழுத்து ‘ஈ’யிலிருந்து ‘ஆ’ பக்கம் நகர்ந்ததும் சத்தமும் கரடுமுரடாகிவிட்டது. ஆங்கிலம் கற்கும் குழந்தைகளுக்கு இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினால் போதும், அகராதி வேண்டியதில்லை.

குழப்பம் வருவது ‘ஸ்க்வீஸ்’ என்ற சொல்லோடுதான். அது அமுக்குவது, பிழிவது. பொம்மையை ஸ்க்வீஸ் செய்தால் அது ஸ்க்வீக் செய்யும். கடைகளில் ‘ஸ்க்வீஸ் டாய்’ என்றும் விற்கிறார்கள். அது அமுக்கி விளையாடும் பொம்மை என்று மட்டுமே சொல்கிறது, சத்தம் வரும் என்று உறுதி கொடுக்கவில்லை. ஒலி ஒன்றுபோல இருந்தாலும் இது பழைய ஆங்கிலத்தில் நசுக்குவதைக் குறித்த வேறொரு சொல்லிலிருந்து வந்தது.

இப்போது இந்தச் சொல்லின் பழைய வாழ்க்கை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் முதல் காட்சியில், ஜூலியஸ் சீசர் கொல்லப்படுவதற்கு முன் ரோமாபுரித் தெருக்களில் பிணங்கள் எழுந்து வந்து கீச்சிட்டு உளறியதாக ஹாம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோ சொல்கிறான். அங்கே வரும் வினை ‘ஸ்க்வீக்’தான். இன்று குளியலறை வாத்துக்கு வைத்திருக்கும் சொல் அன்று மயிர்க்கூச்செறிய வைத்தது. அவருடைய இன்னொரு நாடகத்தில் கிளியோபாட்ரா, தன் கதையை ரோமில் நாடகமாகப் போட்டு, கீச்சுக்குரல் பையன் ஒருவன் தன்னைப் போல நடித்துக் காட்டுவானே என்று வேதனைப்படுகிறாள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண் வேடத்தைக் குரல் உடையாத சிறுவர்கள்தான் போட்டார்கள். அந்த வசனத்தையே ஒரு பையன்தான் மேடையில் பேசியிருப்பான். கீச்சுக்குரல் என்றால் சிறுவர் குரல் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது.

‘ஸ்க்வீக்கர்’ என்ற பெயர்ச்சொல் 17-ஆம் நூற்றாண்டில் எழுத்தில் வருகிறது. முன்பு சொன்ன ‘ஆள் அல்லது பொருள்’ என்ற இரட்டைப் பொருள் இங்கேதான் வேலை செய்கிறது. பிரான்சிஸ் குரோஸ் என்பவர் லண்டன் தெருப் பேச்சைத் தொகுத்து ஒரு கொச்சைமொழி அகராதி போட்டார். முதல் பதிப்பு 1785-இல். அதில் ஸ்க்வீக்கர் என்ற சொல்லுக்கு மதுக்கடையில் வேலை செய்யும் பையன் என்றும், குழந்தை என்றும், குறிப்பாக முறைதவறிப் பிறந்த குழந்தை என்றும் பொருள் கொடுத்திருக்கிறார். குழந்தையின் கையில் இருக்கும் பொம்மைக்கு இன்று வைக்கும் பெயர், அன்று குழந்தைக்கே வைத்த பெயர். அதே அகராதியில் ‘ஸ்க்வீக்’ என்பதற்குக் குற்றத்தை ஒப்புக்கொள்வது, கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது என்ற திருடர் வழக்கும் இருக்கிறது. பிடிபட்டவன் வாயைத் திறந்து கத்திவிட்டான் என்ற எண்ணம்.

புறா வளர்ப்பவர்களிடம் ஸ்க்வீக்கர் என்றால் இன்றும் வேறு பொருள்: கூட்டை விட்டு வெளியே வரும் பருவத்தில், இன்னும் கீச்சுக்குரல் மாறாத இளம்புறா. இங்கிலாந்தில் பந்தயப்புறா வளர்ப்பவரிடம் போய் ஸ்க்வீக்கர் இருக்கிறதா என்று கேட்டால் உங்களுக்குப் பொம்மை கிடைக்காது. அமெரிக்காவில் விளையாட்டுச் செய்திகளில், மயிரிழையில் வென்ற போட்டிக்கும் இதே பெயர்.

பொம்மை எப்போது இதற்குள் வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் காகிதக் கூழால் பறவை, பூனை, சேவல் என்று செய்து, கையால் வண்ணம் தீட்டி, அடியில் தோலால் ஆன குட்டித் துருத்தி ஒன்றை வைத்தார்கள். தலையைப் பிடித்து அழுத்தினால் துருத்தி மடங்கி, காற்று உள்ளே இருக்கும் சின்ன ஊதி வழியாக ஓடி, பறவை கத்தும். அவை கப்பலேறி அமெரிக்காவுக்கும் போயின. பென்சில்வேனியாவில் குடியேறியிருந்த ஜெர்மானியர் வீடுகளில் அவற்றுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. பழம்பொருள் சேகரிப்பவர்கள் ‘ஸ்க்வீக் டாய்’ என்று சொன்னால் பெரும்பாலும் இவற்றைத்தான் சொல்கிறார்கள். தோல் காய்ந்து வெடித்துவிடுவதால், இன்னும் கத்துகிற ஒன்று கிடைப்பது அருமை.

ரப்பர் வந்ததும் துருத்தியே தேவையில்லாமல் போனது, ஏனென்றால் பொம்மையின் உடம்பே துருத்தியாகிவிட்டது. இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தத் தொல்லை தீரும் என்று கண்டுபிடித்தார். 1844-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம்தான் அமுக்கினால் அமுங்கி, விட்டால் பழைய வடிவுக்கு வரும் பொம்மை சாத்தியமாயிற்று. பிரான்சில் 1961 மே 25 அன்று பிறந்ததாகச் சொல்லப்படும் சோஃபி என்ற ரப்பர் ஒட்டகச்சிவிங்கி இந்த வரிசையில் மிகவும் புகழ்பெற்றது. அன்று பிரெஞ்சு நாட்காட்டியில் புனித சோஃபியின் நாள், பெயர் அங்கிருந்து வந்தது. சுமார் 18 சென்டிமீட்டர் உயரம், ரப்பர் மரப்பாலில் செய்தது, வயிற்றை அமுக்கினால் கத்தும். பல் முளைக்கும் குழந்தைகள் அதன் நீண்ட கால்களைக் கடிக்கலாம்.

இதே சொல் பொம்மைக்கு வெளியிலும் நிறைய வரும். ‘கீச்சிடும் சக்கரத்துக்குத்தான் மசகு கிடைக்கும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி. நாம் ‘அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்’ என்போம். ‘ஸ்க்வீக்கி க்ளீன்’ என்றால் துளி அழுக்கில்லாத சுத்தம். நன்றாகக் கழுவிய தட்டை விரலால் தேய்த்தால் கீச்சென்று கேட்குமே, அந்தச் சத்தத்திலிருந்து வந்தது. பேச்சில் நேர்மையான, கறைபடாத ஆளுக்கும் இதைச் சொல்வார்கள். ‘பிப்ஸ்க்வீக்’ என்றால் பொடியன், ஒரு பொருட்டாக மதிக்க வேண்டாதவன். மிஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைகோஸையும் சேர்த்து வதக்கும் பிரிட்டிஷ் பலகாரத்துக்கு ‘பபிள் அண்ட் ஸ்க்வீக்’ என்று பெயர். சட்டியில் வேகும்போது வரும் சத்தங்களே பெயராகிவிட்டன. நம்மூரில் நடை பழகும் குழந்தைகளுக்கு, அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் கீச் கீச் என்று கத்தும் செருப்பு வாங்கிப் போடுவோம் இல்லையா, அதையும் ஆங்கிலத்தில் ‘ஸ்க்வீக்கி ஷூஸ்’ என்றுதான் தேட வேண்டும். குதிகாலுக்கு அடியில் இருப்பதும் அதே குமிழ்தான்.

நாய்களுக்கு இந்தச் சத்தத்தின் மேல் ஏன் இவ்வளவு மோகம் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், அது சின்ன இரைப்பிராணியின் கத்தலைப் போல இருக்கிறது என்பது. எலி பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட டெரியர் வகை நாய்கள் இந்தப் பொம்மையை விடாமல் உலுக்குவதைப் பார்த்தால் அந்த விளக்கம் பொருத்தமாகத்தான் தெரிகிறது. பல நாய்கள் பொம்மையைக் கிழித்து ஸ்க்வீக்கரை வெளியே எடுத்து, சத்தம் நின்ற பிறகுதான் ஓயும். அதனால் அந்தப் பாகத்தை மட்டும் தனியாகப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள்; பொம்மையைத் தைத்துக் கொடுத்துவிடலாம். சத்தம் வேண்டாதவர்களுக்கு ‘ஸ்க்வீக்கர்லெஸ்’ என்று அச்சிட்டவை இருக்கின்றன, ‘லெஸ்’ என்றால் இல்லாதது.

வெளியே வந்த ஸ்க்வீக்கர் நாயின் தொண்டையிலும் குழந்தையின் தொண்டையிலும் சிக்கக்கூடிய அளவு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளில் கழன்று வரும் சின்னப் பாகங்களை அமெரிக்கச் சட்டம் தடைசெய்திருக்கிறது, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் அங்கே சின்னப் பாகம்தான். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாங்கும்போது முத்திரையைப் பார்த்துவிட்டு, அடியில் இருக்கும் வட்டத் துண்டை நகத்தால் ஒரு தடவை நெம்பிப் பாருங்கள். அசைந்தால் வேறு பொம்மையை எடுங்கள். நாய்க்கு விற்கும் பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அது குழந்தைகளுக்கான சோதனைகளைத் தாண்டி வந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.